ஒரு மாதத்துக்கு வந்த பெரியத்தான்

என் கணவரின் அண்ணனை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டவர் ஒரு கன்னியாஸ்திரி. பகல் இரண்டு மணி இருக்கும். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் லேன் ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறையில் நாங்கள் குடியிருந்தோம். நாங்கள் என்பது பேச்சுக்குத்தான். கணவருக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். வீட்டில் நான் தனி ஆள். படியேறி வந்த சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால், ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி, நாற்பத்திரண்டு வயது மனிதர் நின்றார். காதோரம் நரைத்த தலை. காலில் இரண்டும் வேறு வேறு செருப்பு.

"உங்கட பெரியத்தான். பத்திரமாக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்," என்றார் சிஸ்டர்.

பெரியத்தானை அதற்கு முன் நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். கல்யாண வீட்டில் ஒரு தடவை, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனபோது ஒரு தடவை. உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை, ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது என்று கணவர் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். அவர்களின் அம்மா, என் மாமி, இருந்த வரைக்கும் அவவே பார்த்தா. பகலில் பக்கத்துக் கன்னியர் மடத்தில் முற்றம் கூட்டுவது, தண்ணீர் அள்ளுவது, பூக்கன்றுகளுக்கு ஊற்றுவது என்று அவருக்கு வேலை இருந்தது. சிஸ்டர்மார் சாப்பாடும் கொடுத்தார்கள், செல்லமும் கொடுத்தார்கள். அதனால் எந்தப் பெண்ணைக் கண்டாலும் அவருக்கு சிஸ்டர்தான். பெற்ற தாயை மட்டும் அம்மா என்றார்.

ஊரே இடம்பெயர்ந்த அந்த நாட்களில் மாமி சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனா. செய்தி எங்களுக்கு ஐந்து வாரம் கழித்துக் கடிதத்தில் வந்தது. மகன் மடத்து ஆட்களோடு இருக்கிறார், கவலைப்பட வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, அந்த வரியை வாசித்தபோது அப்பாடா என்றுதான் இருந்தது. பிறகு மடமும் உடைந்து, சிஸ்டர்மார் ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டி வந்தபோது, இவரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்திருக்கிறது. கொழும்பில் தம்பியின் வீடு இருக்கிறதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திருகோணமலை வரை கப்பல், அங்கிருந்து பஸ், வழி முழுக்கப் பயணப் பாஸும் செக்கிங்கும். அந்த வயதில் அந்த சிஸ்டர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவர் தேத்தண்ணி குடித்தார், இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். "ஆண்டவர் ஆளைப் பாத்துத்தான் பொறுப்புக் குடுப்பார் பிள்ளை," என்றார். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நாலு மணிக்கு அவர் போய்விட்டார். பெரியத்தான் படிவாசல் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு உள்ளே வந்தார். பையைக் கீழே வைத்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"சிஸ்டர், எங்கால கூட்டுறது?" என்று கேட்டார். நான் விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்கு ஆள் வந்து தங்குவது சும்மா விஷயமில்லை. வீட்டில் இருப்பவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி, பொலிஸில் சீல் வைத்த பதிவுத்தாள் ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருக்க வேண்டும். செக்கிங் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். தாளில் இரண்டு பகுதி. ஒன்று நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு. மற்றது விருந்தாளிகளுக்கு. எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார், எத்தனையாம் திகதி போவார் என்று அதில் எழுத வேண்டும். வடக்கிலிருந்து வந்த ஆண் என்றால் கேள்வி இரட்டிப்பு. பெரியத்தானிடம் அடையாள அட்டையும் இல்லை. இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ அது தொலைந்துபோயிருந்தது.

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுக்கார அக்கா. பென்ஷன் எடுத்த ரீச்சர், யாழ்ப்பாணத்து இந்து, வெள்ளிக்கிழமை என்றால் பச்சைத் தண்ணீரில் காலம் தள்ளுவா. நல்ல மனுசி, ஆனால் பயந்த மனுசி. அவ சொன்ன யோசனைதான் விருந்தாளிப் பகுதியில் எழுதுவது. "வைத்தியத்துக்கு வந்தவர், ஒரு மாதத்தில போயிடுவார் எண்டு எழுதும். நிரந்தரம் எண்டு எழுதினா உமக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்." நான் மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதினேன். பொலிஸில் ஒரு மாதத்துக்குச் சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

அக்கா சொன்னதால் எழுதினேன் என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. நிரந்தரப் பகுதியில் பெயரை எழுதிவிட்டால் அந்த ஆள் என் வீட்டு ஆளாகிவிடுவார், பிறகு அசைக்க முடியாது என்று எனக்குப் பயம். வத்தளையில் இப்படிப்பட்ட வளர்ந்தவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்று இருந்தது. சிஸ்டர்மார் நடத்துவது. அங்கே இவருக்கு ஓர் இடம் கேட்டு இரண்டாம் வாரமே எழுதிப் போட்டேன். இடம் வெறுமையாகும்போது அறிவிக்கிறோம் என்று பதில் வந்தது.

கோட்டையில் ஒரு கம்பனியில் நான் டைப்பிஸ்ட். சம்பளமில்லாத லீவு கேட்டேன், முகம் சுளித்துக்கொண்டு தந்தார்கள். கணவர் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அக்காவின் ரெலிபோனுக்கு எடுப்பார். வத்தளை விஷயத்தைச் சொன்னேன். "நீ முடிவெடு. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடாது என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அனுப்பு என்றிருந்தால் பாவத்தில் பாதியை அவர் தலையில் போட்டிருப்பேன். மனுசன் இரண்டுக்கும் இடம் வைக்கவில்லை.

பெரியத்தானோடு இருப்பது கஷ்டம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. சின்னச் சின்ன இம்சைகள். பல் விளக்கமாட்டார். சோற்றில் கறி கலந்தால் சாப்பிடமாட்டார், தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீர் போதும் என்றால் ஆறு வாளி பிடித்து வைப்பார். கோயிலில் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் அவரவர் சிலுவையைச் சுமக்கச் சொன்னார். சொல்வது சுகம். சிலுவை காலையில் எழும்பிப் பல் விளக்க மாட்டேன் என்று அடம்பிடிக்காது.

இதையெல்லாம் விடப் பெரிய கரைச்சல் மூவேளைச் செபம். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று கோயில் மணி அடிக்கும்போது சொல்லுகிற செபம். மடத்தில் மணி கேட்டால் எல்லோரும் கைவேலையை விட்டு நின்ற இடத்திலேயே நிற்பார்களாம். இவருக்கு அது எலும்பில் ஊறிவிட்டது. படியில் வாளியோடு ஏறும்போது மணி கேட்டால் வாளியோடேயே நிற்பார். கண்ணை மூடிவிடுவார். செபம் முடியும் வரை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார், தொட்டாலும் அசையமாட்டார். எங்களுக்கும் இது தெரியாததல்ல. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். மணி கேட்டால் அம்மாவும் அடுப்படியில் நின்று சிலுவை போடுவா. ஆனால் பருப்புக் கருகுகிறது என்றால் இறக்கி வைத்துவிட்டுத்தான் மிச்சச் செபம். பெரியத்தானுக்கு அந்தச் சலுகை தெரியாது.

அதனால் தனியாக வெளியே விடுவதில்லை என்பது என் சட்டம். ரோட்டு முழுக்க ஆமிச் சென்ட்ரி. அடையாள அட்டை இல்லாத, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத, சிங்களம் ஒரு சொல்லும் விளங்காத தமிழ் ஆம்பிளை. வேறு என்ன சொல்ல இருக்கிறது.

ஞாயிறு பூசைக்குக் கூட்டிப்போவேன். அங்கே ஒரு பெண்மணி, ஜெபமாலைச் சபையில் பெரிய ஆள், ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஆண்டவர் ஒரு பிள்ளையைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று உருகினா. கல்யாணமாகி ஒன்பது வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. அவவுக்கு அதற்குப் பிறகு நான் முகம் கொடுக்கவேயில்லை. சாகும் வரைக்கும் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வருவது எனக்குப் பெருமை தருகிற விஷயமல்ல. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்தேன். சின்ன வயதிலிருந்து எதற்கும் அவரிடம்தான் ஓடுவது. ஒவ்வொரு செவ்வாயும் பெரியத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, சென்ட்ரிக்குப் பதிவுத்தாளைக் காட்டி, கொச்சிக்கடைக்குப் போவேன். கத்தோலிக்கர், இந்துக்கள், சிங்களவர், தமிழர் என்று சனம் நெரிபடும். பெரியத்தான் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு முழங்காலில் நிற்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இந்த ஆளை என் கையிலிருந்து எடும். வத்தளையில் இடம் தாரும். எவரை எடுக்கச் சொல்லிக் கேட்கிறேனோ அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை.

மாதம் முடிய முடியப் பொலிஸுக்குப் போய், இரண்டு தடவை இன்னும் ஒவ்வொரு மாதம் நீட்டினேன். மூன்றாம் மாதமும் முடியும் தறுவாயில், ஒன்பதாம் செவ்வாய் கழித்த மறுநாள், வத்தளையிலிருந்து கடிதம் வந்தது. இடம் இருக்கிறது, அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை கொண்டுவரலாம், வராவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்கு அந்த இடம் போகும். உடுப்பு ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் பெயர் தைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பொலிஸ் பதிவு அந்தத் திங்களுக்கு ஐந்து நாள் முந்தியே முடிகிறது. ஐந்து நாள்தானே, அதற்காக இன்னொரு தடவை போய் வரிசையில் நிற்பானேன், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவளின் கெட்டித்தனம்.

சாமான் கட்டத் தொடங்கினேன். பெரியத்தானிடம், சிஸ்டர்மார் இருக்கிற இடத்துக்குப் போகப் போகிறீங்க, அங்கே பெரிய முற்றம், மணியும் இருக்கு என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் பெயர் தைத்துப் பையில் வைக்கிற சேர்ட்டுகளை, கொஞ்ச நேரத்தில் எடுத்து மறுபடி அலுமாரி லாச்சிக்குள் அடுக்கி வைத்துவிடுவார். நான் திரும்பப் பையில் வைப்பேன். அவர் திரும்ப லாச்சியில் வைப்பார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலாம் தடவையும் பை வெறுமையாகக் கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. சிவப்பு நூலும் முடிந்துபோயிருந்தது. ஆளைக் கண் முன்னால் இல்லாமல் செய்தால் ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடிக்கலாம் என்று தோன்றியது. லேன் தலைப்பில் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. வாசலில் நின்றால் கூப்பிடு தூரம். நூற்கட்டையைப் பெரியத்தானின் கையில் வைத்து, நானாவிடம் இதைக் காட்டி இதே நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு நேரே வாங்க என்று அனுப்பினேன். சுவர்க்கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பன்னிரண்டுக்குச் சொச்ச நிமிடமே இருந்திருக்கிறது.

கோயில் மணி எனக்கும் கேட்டது. சேர்ட்டுகளைப் பையில் அடுக்கியபடியே சிலுவை போட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு உறைக்கவில்லை.

நானா கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஓடி வந்திருந்தார். படியேறாமல் கீழே நின்றே கூப்பிட்டார்.

"மிஸ், ஒங்கட ஆள ஜீப்ல ஏத்திட்டுப் பெய்த்தாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல்ல."

நடந்ததை அவர்தான் சொன்னார். நூலை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கியிருக்கிறார் பெரியத்தான். மணி அடித்திருக்கிறது. லேன் காலி வீதியில் சேருகிற சந்தியில், நடுவில், கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். ரோந்து ஜீப் ஒன்று வந்திருக்கிறது. ஹோர்ன் அடித்தார்கள், அசையவில்லை. இறங்கி வந்து ஐடென்டிட்டி கார்ட் கேட்டார்கள், பதில் இல்லை. தோளில் பிடித்து உலுக்கினார்கள், உதடு மட்டும் அசைந்தது. பொத்தின கையை விரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு நூற்கட்டை. சட்டைப் பையில் ஒன்றும் இல்லை.

நான் செருப்பைக்கூட ஒழுங்காகப் போட்டேனோ தெரியாது. பதிவுத்தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கார அக்கா கையில் குடையோடு கீழ்வாசலில் நின்றா. நான் கூப்பிடவில்லை. விரதத்தோடு, அந்த வெயிலில், என்னோடு நடக்கத் தொடங்கினா. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறவ.

அந்த அரைமைல் தூரத்தை நான் நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்பதுதான் சரி. பிடித்துப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த காலமல்ல அது. யாருடைய மகன், யாருடைய கணவன் என்று எத்தனையோ கதை எங்கள் லேனிலேயே இருந்தது. வாயைத் திறந்து சொல்லத் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி. ஓடும்போது எனக்குள் ஒரு கணக்கு விளங்கியது. ஒன்பது செவ்வாய் நான் கேட்டது இதுதான். இந்த ஆளை என் கையிலிருந்து எடும் என்று கேட்டேன், எடுத்தாயிற்று. எப்படி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. அந்தோனியாரே, கேட்டதை வாபஸ் வாங்குகிறேன், தயவுசெய்து வாபஸ் வாங்குகிறேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனில் ஒரு மணித்தியாலம் வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒரு சார்ஜன்ட் கூப்பிட்டார். பெரியத்தான் உள்ளே சுவரோடு போட்ட நீள மரவாங்கில் இருந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. காற்சட்டை நனைந்திருந்தது. பயத்தில் ஆள் சிறுத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், பக்கத்தில் நின்றவர் தோளில் கை வைத்து இருத்தினார்.

சந்தியில் யாருடைய சைகைக்கோ காத்து நின்றவர் என்று எழுதியிருக்கிறது என்றார் சார்ஜன்ட். நான் மணியைப் பற்றிச் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் தடுமாறாது, ஆனால் அன்றைக்குச் சொல்லைத் தேடித் தேடித்தான் சொன்னேன். தினமும் பன்னிரண்டு மணிக்கா என்று கேட்டார். தினமும் என்றேன். அவர் பதிவுத்தாளை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார். விருந்தாளிப் பகுதியில் விரலை வைத்தார். திகதி முடிந்துவிட்டது என்றார். இந்தத் தாளின்படி இந்த ஆள் புதன்கிழமையே உங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

இவர் என் கணவரின் அண்ணன், எங்கள் வீட்டு ஆள் என்றேன்.

சார்ஜன்ட் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உங்கள் வீட்டு ஆள் என்றால் உங்கள் வீட்டு ஆட்களின் பெயர் இருக்கிற இடத்தில் ஏன் இவரின் பெயர் இல்லை என்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

சொல்வதற்குப் பொய் எத்தனையோ இருந்தது. "நான் இவரை அனுப்பிவிடப் பார்த்தேன், மாத்தயா," என்று சிங்களத்தில் சொன்னேன். அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவு தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அவர் பேனையை உருட்டிக்கொண்டே, வழி இரண்டு என்று விளங்கப்படுத்தினார். விருந்தாளியாகத்தான் வைத்துக்கொள்வது என்றால், காலம் கடந்து தங்கியவர், அட்டையும் இல்லாதவர், வடக்கிலிருந்து விபரம் வரும் வரை உள்ளே இருக்க வேண்டும். எத்தனை நாள் என்று அவராலும் சொல்ல முடியாது. இல்லை என்றால் இப்போதே நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று எழுதி, வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் கொடுத்து, இந்த ஆளுக்கு முழுப்பொறுப்பு நான் என்று கையெழுத்து வைக்கலாம். வைத்தால், அடையாள அட்டை எடுத்து முடியும் வரை இந்தப் பொலிஸ் பிரிவை விட்டு வேறு இடத்தில் குடியமர்த்த முடியாது. ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும்.

வத்தளை திங்கட்கிழமைக்கு மேல் காத்திராது. கம்பனியும் அப்படித்தான். நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். வெளியே ஒரு பஸ் கடந்து போகிற நேரம் யோசித்தேன். அந்த நேரத்தில் ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தோனியாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கில் இருந்தவர் கிழிந்த சட்டைப் பையை மேலே தூக்கி ஒட்டவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனையைக் கேட்டேன்.

அக்கா என் பக்கத்தில் நின்றபடியே சம்மதக் கடிதத்தை எழுதினா. ரீச்சர் எழுத்து, ஒரு எழுத்துப் பிழையில்லை. சார்ஜன்ட் சீல் குத்தினார். பன்னிரண்டு மணிக்கு ஆளை வீட்டுக்குள் வைத்திருங்கள், மிஸ் என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். வத்தளைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கம்பனி வேலையை விட்டேன். ஒரு பழைய டைப்ரைட்டரை வாங்கி வீட்டிலேயே வழக்கறிஞர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்தேன். கணவர் அடுத்த தடவை எடுத்தபோது எல்லாவற்றையும் சொல்லி, வாயில் வந்தபடி ஏசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அழுதார். அட்டை வர பதினொரு மாதமானது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை வத்தளையில் இடம் வந்தது, நான் பதில் எழுதவில்லை. பெரியத்தான் எங்களோடு பதின்மூன்று வருடம் இருந்தார். கடைசி வரை பல் விளக்க அடம்பிடித்தார். நான் கடைசி வரை கத்தினேன். பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் மனுசி தேவதையாகிவிடுவாள் என்று யாரும் நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் மாறினது. ஆண்டவரிடம் கேட்பதை நான் கவனமாகக் கேட்கப் பழகினேன். அனேகமாக, இன்றைக்குப் போதுமான பொறுமை என்பதற்கு மேல் கேட்பதில்லை.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன்.

அக்கா குடையோடு முன்னால் நடந்தா. பெரியத்தானும் நானும் பின்னால். அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். தண்ணி தந்தார்களா என்றேன், தந்தவை என்றார். திங்கட்கிழமை எங்கேயும் போகவில்லை, வத்தளை இனி இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். சிஸ்டர்மார், முற்றம், மணி என்று நானே ஆசை காட்டியிருந்தேன் அல்லவா. அழுவார் என்று நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு சிஸ்டர்," என்றார். "நான் போனா உங்களுக்கு ஆர் இருக்கினம்? தம்பியும் இல்லை. தனியவெல்லோ இருப்பியள்."

மூன்று மாதம். ஒரு தடவையாவது, போக விருப்பமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. விருப்பம் என்று ஒன்று அவருக்கு இருக்கும் என்றே நினைக்கவில்லை. அந்த மூன்று மாதமும் அவர் என்னைப் பொறுப்பேற்றிருந்தார். காலி வீதி ஓரத்தில், வருகிற போகிற சனம் பார்க்கப் பார்க்க, நான் விக்கி விக்கி அழுதேன். ஸ்டேஷனில் வராத அழுகை எல்லாம் அங்கேதான் வந்தது.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ, வெயில்," என்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பஸ் போகும் வரை பொறுத்தார். என்னைக் கையில் பிடித்து ரோட்டைக் கடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.